பத்திரத்தில் இல்லாத ஊற்று

பிப்ரவரி 6

சின்னவளுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு குத்தல் பதில் வைத்திருப்பாய். போனில் பேசியிருக்கலாம். இங்கே சிக்னல் வேண்டுமென்றால் சிமெண்ட் தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டும். அங்கே நின்று உன்னோடு சண்டை போட்டால் மலை முழுக்கக் கேட்கும். காகிதம் தேவலை. உன் வீட்டு முகவரி என்னிடம் இல்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடம் என்று எழுதி அனுப்புகிறேன், வந்து சேர்ந்தால் சரி.

விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை நில அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். மலையேற வருகிற ஆள் ரப்பர் செருப்பில் வந்திருந்தார். பாதிச் சரிவில் வார் அறுந்து, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு நம் வாசலுக்கு இறங்கினார். உன் அத்தான்தான் கம்பி வைத்துக் கட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து அவர் எங்களுக்குச் செருப்பு ஆபீசர்.

மழைத்தண்ணீர் இறங்கி நகரத்து அணைக்குப் போகிற பக்கத்தில் இருக்கிற சொந்த நிலங்களை அரசாங்கம் விலைக்கு வாங்கப் போகிறதாம். வாங்கி வேலி போட்டுக் காடாக விட்டுவிடுவார்களாம். கட்டாயம் இல்லையாம், விருப்பப்பட்டவர்கள் விற்கலாமாம். உன் மேல்நிலம் அவர் பட்டியலில் இருக்கிறது. உனக்கும் கடிதம் வரும்.

வந்தால் கையெழுத்துப் போடாதே. அது அப்பாவின் மண். மேலே என்ன இருக்கிறது, பாறையும் முள்ளும். உனக்கும் உபயோகமில்லை, எனக்கும் உபயோகமில்லை. அதற்காக வேற்று ஆளுக்கு விடுவதா? யோசித்துச் செய்.

உன் அத்தான் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

உன் கடிதத்தை எங்கள் மேற்பார்வையாளர் அம்மா எல்லார் முன்னாலும் நீட்டினார். "உனக்குக்கூட ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள், தேவைப்படும்போது எழுதுவார்கள் என்றேன்.

யாருக்கும் உபயோகமில்லாத பாறையை விற்காதே என்று சொல்ல, நீ ஒரு ரூபாய்த் தபால்தலையைக்கூட வீணாக்குகிறவள் இல்லை. என் காதில் பூ சுற்றாதே.

அப்பாவின் மண்ணைப் பற்றி நீ பேசலாமா? பங்கு பிரித்த அன்றைக்குக் கீழ்நிலம், வீடு, தொட்டி, கொட்டகை எல்லாம் உன் பக்கம். எனக்குச் சரிவு. "நான்தானே பாடுபட்டேன்" என்றாய். சரி என்றேன். அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் உன்னிடம் ஏதாவது கேட்டேன். என் வீட்டுக்காரர் எங்களை விட்டுவிட்டுப் போன மாதம், மகளைக் கூட்டிக்கொண்டு வந்து உன் கொட்டகையில் கொஞ்ச நாள் இருக்கட்டுமா என்று. நீ வாசலில் நின்றபடியே "இடம் பத்தாதுடி" என்றாய். என் பெட்டியை உள்ளேகூட எடுத்து வைக்கவில்லை. மகளுக்கு அப்போது ஆறு வயது. கொட்டகையின் அளவு அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அது எவ்ளோ பெருசும்மா" என்கிறாள்.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சலவைக்கூடத்தில் இரண்டு பெரிய டிரம், ஒரு நீராவிப் பெட்டி, ஏழு பெண்கள். ரத்தக்கறை விரிப்பை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அவசரத்தில் வெந்நீரில் போட்டால் கறை அங்கேயே குடியேறிவிடும். ஆனால் இங்கே பச்சைத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். வந்ததும் தனியறை நோயாளிகளின் விரிப்பு முதலில். பொது வார்டு விரிப்பு மிச்சத் தண்ணீரில். பிரசவ வார்டுத் துணி ஊறிய வாளியிலேயே அடுத்த வார்டுத் துணியை அலசியிருக்கிறோம். பெரிய டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் மட்டும் தினமும் குழாய் ஓடுகிறது.

நானும் மகளும் இருப்பது மூன்றாவது மாடியில் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர், கையை நீட்டினால் தொடலாம். அதே வீட்டின் கீழ்த்தளத்தில், கதவைத் திறந்தால் தெருவில் கால் வைக்கிற மாதிரி ஓர் அறை மே மாதம் காலியாகிறது. ஒரு மேசையும் இரண்டு இஸ்திரிப் பெட்டியும் போட்டால் கடை. பின்பக்கம் தடுத்தால் வீடு. மேற்பார்வையாளரின் நாத்தனாரும் அந்த அறைமேல் கண் வைத்திருக்கிறாள். எனக்கு அந்த அறை வேண்டும். பிறந்ததிலிருந்து எனக்கென்று நான் ஆசைப்பட்ட முதல் இடம் அது.

அரசாங்கத்தின் கடிதமும் வந்துவிட்டது. விற்பேன்.

உன் தங்கை


மார்ச் 3

சின்னவளுக்கு,

வயிறு எரிகிறது. நீ கண்டுபிடித்துச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருடம் நீ அந்தச் சரிவில் ஒரு முள்ளைப் பிடுங்கவில்லை. ஒரு கல்லை நகர்த்தவில்லை. அது பாட்டுக்குக் கிடந்தது, அது பாட்டுக்கு மரம் முளைத்தது. இன்றைக்கு அரசாங்கம் வந்து, ஆகா, என்ன அருமையாக வைத்திருக்கிறார்கள் என்று உனக்கு விலை கொடுக்கிறது. நான் கல் பொறுக்கினேன். மேடு சமன் செய்தேன். முட்டைக்கோஸும் கேரட்டும் போட்டு, பனியில் கருகினால் மறுபடி போட்டு, இடுப்பு போய், இப்போது குனிந்தால் நிமிர ஒரு ஆள் வேண்டும். என் நிலத்தை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உழைத்தது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நீ அப்போதே அப்படித்தான். உன்னை விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். உனக்கு ஷூ, எனக்கு அப்பாவின் பழைய கம்பளிச் சட்டை. நான் எட்டாவதோடு களைக்கொத்து பிடித்தேன். லீவுக்கு நீ வந்தால் அப்பா நாற்காலியை வெயிலில் போட்டு உன்னை உட்கார வைப்பார். நான் உனக்கு முன்னால் கிழங்கு தோண்டுவேன். நீ சொல்கிற கதைக்கு அப்பா சிரிப்பார். நானும் சிரித்தேன் என்று நினைத்திருப்பாய். இல்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன், அத்தான் எழுதாதே என்கிறார். போன வாரம் செருப்பு ஆபீசர் மறுபடி வருவதாகச் சொல்லி அனுப்பினார். என் நிலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம் என நானும் அத்தானும் முடிவு செய்தோம். கேட்க வேண்டுமென்றால் மரம் இருக்க வேண்டுமே. இரண்டு நாள் காட்டோரத்திலிருந்து கன்றுகளை வேரோடு பெயர்த்து வந்து முட்டைக்கோஸ் பாத்தியில் நட்டோம். நாற்பது கன்று. காய்ந்த இலையைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து மேலே தூவினேன். எனக்கே கொஞ்சம் காடு மாதிரித்தான் தெரிந்தது.

ஆபீசர் வந்தார். வரப்பில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஏம்மா, காட்டுல யாரு கயிறு பிடிச்சு நட்டது?" என்றார். அப்போதுதான் பார்த்தேன். நாற்பதும் நூல் பிடித்த மாதிரி வரிசையாக நின்றன, முழத்துக்கு முழம் இடைவெளி விட்டு. இருபது வருடக் கை. அதற்குக் கோணலாக நடத் தெரியவில்லை. அத்தான் உள்ளே போய்விட்டார். ஆபீசர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்றெல்லாம் நான்கு நாளில் வாடிவிட்டது. அந்தப் பாத்தியில் முட்டைக்கோஸும் போச்சு.

சிரித்துக்கொள். ஆனால் விற்காதே. விற்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

சிரித்தேன். சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். அந்த ஷூ ஒரு நம்பர் சின்னது, அக்கா. அப்பா அளவு தெரியாமல் வாங்கினார். காலைச் சுருக்கிக்கொண்டு ஒரு வருடம் போட்டேன். நீ அதைப் பார்த்த பார்வையில், சின்னது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று அரை நாள் விடுப்புப் போட்டு நில அலுவலகம் போனேன். இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்கிற அளவுக்குத்தான் இடம். முன்னால் நின்ற ஆளின் முதுகில் என் மனுவை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். செருப்பு ஆபீசரைப் பார்த்தேன். அத்தான் கட்டிய கம்பி இன்னும் இருக்கிறது.

அவர் வரைபடத்தை விரித்தார். என் நிலத்தின் நடுவில், பெரிய பாறைக்கு அடியில், நீல மையில் ஒரு புள்ளி. கீழே எழுதியிருக்கிறது: வற்றாத ஊற்று. பிப்ரவரி மாதம் அளந்தது. ஒரு வாளி நிறையப் பதினோரு நொடி. என் நிலத்தை அவர்கள் கேட்பதே அந்த ஊற்றுக்காகத்தானாம்.

நான் என் பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். அதில் "வறண்ட சரிவு, நீராதாரம் ஏதுமில்லை" என்று இருக்கிறது. அவர் இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பங்கு பிரிப்பதற்கு முதல் நாள் நீதான் என்னை மேலே கூட்டிப்போனாய். பாறையடிக் குழியில் கையை விட்டுக் காட்டினாய். உன் விரலில் காய்ந்த மண்தான் ஒட்டியிருந்தது. "செத்துப் போச்சுடி" என்று சொல்லி அழுதாய். நானும் அழுதேன். கீழே வந்து அப்பாவிடம் நான்தான் சொன்னேன்.

எந்த ஊற்று, அக்கா?

தங்கை


மார்ச் 22

சின்னவளுக்கு,

ஊற்று என்றால் வரும், போகும். நாம் பார்த்த வருடம் கடும் வறட்சி. பிறகு நல்ல மழை, திரும்ப வந்திருக்கும். ஆபீசர் மழைக்காலத்தில் அளந்திருப்பார். எனக்கு மேலே ஏறவே நேரம் கிடையாது.

கேரட் எடுப்பு. வேலை இருக்கிறது.

அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

பிப்ரவரியில் எந்த மலையில் மழைக்காலம்?

மறுபடி அலுவலகம் போனேன். இரண்டாவது அரை நாள், சம்பளம் பிடிப்பார்கள். ஆபீசர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்க ஊத்துலேர்ந்து ஒரு கறுப்புக் குழாய் மண்ணுக்கடியில கீழ போகுது. கீழ்நிலத்துக்காரங்க தொட்டிக்கு. உங்க அனுமதியோடதானே?"

ஆமாம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. படி இறங்கும்போதுதான் கோபம் வந்தது. மூன்று மாடி இறங்குவதற்குள் உன்னை எத்தனை விதமாகத் திட்ட முடியுமோ அத்தனையும் திட்டினேன். பஸ்ஸில் நடத்துநர் "யார்ட்டம்மா பேசுறீங்க?" என்று கேட்டார்.

இப்போது கேள். ஊற்று அரசாங்கத்தின் கைக்குப் போனால் எந்தக் குழாயும் உள்ளே இருக்கக்கூடாது. வேலி போட்ட அன்றைக்கே அறுத்துவிடுவார்கள். பத்திரத்தில் "கீழ்நிலத்துக்கு நீர் உரிமை உண்டு" என்று ஒரு வரி இருந்திருந்தால் அதைத் தொடமாட்டார்களாம். உன் பத்திரத்திலும் இல்லை, என் பத்திரத்திலும் இல்லை. இல்லாத ஊற்றுக்கு யார் உரிமை எழுதுவார்கள்? நீ உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வரி இருந்திருக்கும். அப்பாவே எழுத வைத்திருப்பார்.

ஒரு வழி இருக்கிறதாம். பத்து வருடத்துக்கு மேல் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எடுக்கிறவரே கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த வருடம், எந்த மாதம், எப்படி, எல்லாம். நிலத்துக்காரி ஒத்துக்கொண்டு அடியில் கையெழுத்துப் போட வேண்டும். விற்பனைப் பத்திரத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள், ஏப்ரல் 28. அதற்கு முன்னால்.

எழுது. எனக்கு வேண்டாம், ஆபீசருக்கு எழுது. கூசாமல் எல்லாவற்றையும் எழுது. அதன்பிறகு நான் கையெழுத்துப் போடுவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது.

தங்கை


ஏப்ரல் 12

சின்னவளுக்கு,

ஆபீசருக்கு எழுதியது இதோடு இருக்கிறது. அதில் வருடமும் மாதமும் குழாயின் அளவும் மட்டும்தான் இருக்கிறது. மிச்சம் உனக்கு.

அப்பா படுத்திருந்த கடைசி மாதம், பத்திர எழுத்தரை வரச் சொல்வதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். கீழ்நிலம் உனக்கு, மேல்நிலமும் ஊற்றும் சின்னவளுக்கு என்றார். ஊற்று இல்லாமல் கீழ்நிலத்தை வைத்து நான் என்னப்பா செய்வேன் என்று கேட்டேன். சொன்னார்: "தண்ணி அவ கையில இருந்தாத்தான் நீ அவள மறக்க மாட்ட."

அதுவரை அவருக்குக் கழுவித் துடைத்துக் கஞ்சி ஊட்டினது நான். உன்னை நான் மறந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. நான் என்ன ஆவேன் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு வருடமும் விதைக்கிற நேரத்தில் உன் முன்னால் கைநீட்டி நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நீ மாட்டேன் என்று சொல்லியிருக்கமாட்டாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பாய்.

பாறை இடுக்குக்கு ஒரு முழம் மேலே தோண்டிக் குழாயை வைத்தேன். உரச்சாக்கில் களிமண் அடைத்து இடுக்கின் வாயை மூடினேன். மூன்று சாக்கு. குழாய்த் தண்ணீரை அந்தப் பக்கப் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டேன். இரண்டு நாளில் குழி காய்ந்தது. மூன்றாம் நாள் உன்னைக் கூட்டிப்போனேன். அழுதது நடிப்பில்லை. ஏன் அழுதேன் என்று கேட்காதே. எழுத்தர் போன மறுநாள் சாக்கை எடுத்துவிட்டு, குழாயைப் புதைத்துக் கீழே தொட்டிக்குக் கொண்டுவந்தேன். அத்தானுக்கும் ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும்.

அப்பா ஊற்று செத்துவிட்டது என்று நம்பிக்கொண்டே செத்தார். கடைசி வாரம் தண்ணீர் கேட்டபோது, "இது எங்கேர்ந்து?" என்றார். ஓடையிலிருந்து என்றேன். ஊற்றுத் தண்ணீர்தான். "நம்ம ஊத்து ருசி மாதிரியே இருக்கே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீ மகளைக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்குக் கொட்டகையில் இடம் இருந்தது. மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். கொட்டகைக்குப் பின்னால்தான் குழாய் மண்ணிலிருந்து வெளியே வருகிறது. நீ ஒரு நாள் இருந்தால் பார்த்துவிடுவாய். அதனால்தான்.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், என் கையெழுத்து மாதிரியே இல்லை. அடித்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. கீழே சாலைத் திருப்பத்தில் தண்ணீர் பாட்டில் கம்பெனி இருக்கிறது. அவர்கள் குழாய் ஆறு அங்குலம். ராத்திரி பகல் பாராமல் லாரி நிற்கிறது. அதை அறுப்பீர்களா என்று ஆபீசரைக் கேட்டேன். "அவங்ககிட்ட பேப்பர் கரெக்டா இருக்கும்மா" என்றார். என்னுடையது ஒன்றரை அங்குலம். இந்த மலையில் தண்ணீர் திருடினவள் நான் ஒருத்திதான்.

உன் இஷ்டம்.

அக்கா


மே 10

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததும் நேரே ஆபீசரிடம் போனேன். அவர் உன் வாக்குமூலத்தைப் படித்தார், மடித்தார், என் பக்கமே தள்ளினார். "இதைச் சேர்த்தா ஃபைல் சட்டப் பிரிவுக்குப் போகும்மா. அவங்க பார்த்து முடிக்க அஞ்சாறு மாசம். இருபத்தெட்டாம் தேதி நடக்காது" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தபால்ல எத்தனையோ தொலையுது. இது உங்களுக்கு வரலன்னு நெனச்சுக்கோங்களேன்."

கெட்டவர் இல்லை. அவருக்கும் மாதத்துக்கு இத்தனை நிலம் என்று கணக்குக் காட்ட வேண்டும்.

காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் திரிந்தேன். பொய் சொல்லப் போவதில்லை. அந்த ஒன்பது நாளும் உன் வயல் காய்வதை நினைத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. முட்டைக்கோஸ் இலை தொங்குகிறது. நீ தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறாய். அத்தான் தொட்டி மேல் ஏறி எனக்குப் போன் செய்கிறார், நான் எடுக்கவில்லை. விரிப்புகளை நீராவிப் பெட்டியில் வைத்து அழுத்தும்போதெல்லாம் இதே படம்தான் ஓடியது. ஒரு நாள் கையைச் சுட்டுக்கொண்டேன்.

மகளிடம் கீழ் அறையைக் காட்டி, மேசை இங்கே, உன் படுக்கை இங்கே என்று சொல்லியும்விட்டேன்.

பத்தாம் நாள் தண்ணீர் வரவில்லை. இரண்டாவது நாளும் வரவில்லை. பிரசவ வார்டு விரிப்புகள் மூட்டையாகக் கிடந்து நாறின. மேற்பார்வையாளர் அம்மா யாரையெல்லாமோ கெஞ்சிக்கொண்டு போனோடு நடந்தார். கடைசியில் லாரி வந்தது. பக்கவாட்டில் மலை படம் வரைந்து, தூய மலையூற்று என்று எழுதியிருந்தது. உன் சாலைத் திருப்பத்து லாரிதான் அது. அந்தத் தண்ணீரில் விரிப்பைப் போட்டேன். வாயில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். அப்பா சொன்ன ருசி எனக்குத் தெரியவில்லை, குளோரின்தான் தெரிந்தது.

இருபத்தேழாம் தேதி அலுவலகம் போய் உன் காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். "நல்லா யோசிச்சீங்களா?" என்றார் ஆபீசர். யோசித்ததால்தான் ஒன்பது நாள் ஆச்சு என்றேன்.

பாசம் என்று எடுத்துக்கொள்ளாதே. பாசத்தில் செய்யவில்லை. நீ அன்றைக்கு ஒரு முறை கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன், நீ எழுதின மாதிரி சிரித்துக்கொண்டேதான் கொடுத்திருப்பேன். அந்தச் சிரிப்பை நீ என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய். தங்கை ஒத்துக்கொண்டதால் அக்காவுக்குத் தண்ணீர் என்று இப்போது அரசாங்கக் காகிதத்தில் முத்திரையோடு இருக்கிறது. சாக்கு வைத்து அடைக்க முடியாது. அதற்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். அப்பா கேட்டது நடந்துவிட்டது, இனி விதைக்கிறபோதெல்லாம் உனக்கு என் நினைவு வரும்.

கீழ் அறை போய்விட்டது. மேற்பார்வையாளரின் நாத்தனார் வந்துவிட்டாள். பூட்டு மாற்றி, வாசலில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருக்கிறாள். மாடிப்படி ஏறும்போது தினமும் அதைத் தலையால் ஒதுக்கிக்கொண்டு போகிறேன். வயிறு எரிகிறது. உனக்குத் தெரியுமே, அது எப்படி இருக்கும் என்று.

தங்கை


நவம்பர் 19

சின்னவளுக்கு,

போன மாதம் உனக்குப் பணம் வந்துவிட்டது என்று ஆபீசர் சொன்னார். வேறு அறை பார்த்துவிட்டதாகவும் சொன்னார், தெருவைப் பார்த்ததுதானாம், கொஞ்சம் தள்ளி. நீ எனக்கு எழுதவில்லை. ஆபீசர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது. அவர் இப்போது பூட்ஸ் போடுகிறார்.

வேலி வந்துவிட்டது. ஆள் உயரக் கம்பி, பச்சைப் பெயிண்ட். நான் காலையில் இரண்டு மணி நேரம் உள்ளே போகலாம், குழாய் வாயில் இலை அடைத்தால் எடுக்க. ஒன்றரை அங்குலத்தை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். கேரட்டுக்குப் போதும், முட்டைக்கோஸுக்குப் பற்றாது. குழாயில் ஒரு தகரத் துண்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதில் 17 என்று இருக்கிறது. அது நான்தான். இருபது வருடம் இந்த மலையில் முதுகு ஒடிந்தவளுக்கு அரசாங்கம் வைத்த பெயர் பதினேழு.

ஊற்றுக்கு நேர் மேலே, பாறையில் துளை போட்டு ஒரு பலகை நிறுத்தியிருக்கிறார்கள். நீர்ப்பிடிப்புப் பாதுகாப்புக் காடு. அதற்குக் கீழே, நிலத்தை மனமுவந்து வழங்கியவர் என்று போட்டு உன் பெயர். முழுப் பெயர், அப்பா பெயரோடு. வெள்ளையில் பெரிய எழுத்து. காசு கொடுத்து வாங்கிவிட்டு வழங்கியவர் என்று எழுதுகிறார்கள், அதுவும் மனமுவந்து. ஒன்பது நாள் பையில் வைத்திருந்தது எனக்குத்தானே தெரியும்.

ஒரு முள்ளைப் பிடுங்காதவள் பெயர் பாறையில் நிற்கிறது. தினமும் காலையில் அதன் கீழே குனிந்துதான் நான் இலை பொறுக்குகிறேன். நிமிரும்போது நேராகக் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அத்தானிடம் சொன்னேன். அவர், "உனக்கும் வேணும்னா ஒரு பலகை எழுதித் தரேன், நாற்பது மரம் நட்டவர்னு" என்கிறார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

கொட்டகையைச் சுத்தம் செய்திருக்கிறேன். உரமூட்டையை வெளியே தள்ளிவிட்டேன். மகளுக்கு லீவு எப்போது என்று எனக்குத் தெரியாது. கொட்டகை அவள் சொன்ன அளவுதான், வேண்டுமென்றால் வந்து அளந்துகொள்ளட்டும்.

நேற்று ஒரு பறவை உன் பெயர்மேல் எச்சம் போட்டிருந்தது. உன் பாதி தெரியவில்லை, அப்பா பெயர் மட்டும் தெரிகிறது. கீழேயே ஊற்று. ஒரு கை தண்ணீர் அள்ளி வீசினால் போய்விடும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

நான் துடைக்கவில்லை. வந்து நீயே துடைத்துக்கொள்.

அக்கா